நிரை தப்பிய சக்கரங்கள்

தைப்பிங்கில் உறவினர் வீட்டுத் திருமணம். விருந்து முடிந்து காரில் ஏறியபோது இரவு மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. தைப்பிங் என்றால் மழையைச் சொல்லவா வேண்டும்! கண்ணாடியைத் துடைக்கும் கைகள் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன. என் கணவர் ஓட்டினார். பின்னிருக்கையில் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் தூங்கிவிட்டார்கள்.

கோலகங்சாரைக் கடந்ததும் பிள்ளை கழிவறைக்குப் போக வேண்டும் என்று எழுந்து கொண்டான். சுங்கை பேராக் ஓய்வுப்பகுதியில் நிறுத்தினோம். அவசரத்தில் ஸ்டியரிங்கை இடப்பக்கமாக முழுக்க ஒடித்தபடியே நிறுத்திவிட்டு இறங்கிப் போனோம். திரும்பி வந்தபோது, பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர் எங்கள் காரின் முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அக்கா, இந்த டயர்லயா இவ்வளவு தூரம் வறீங்க? கொஞ்சம் இங்க வந்து பாருங்க” என்றார்.

விளக்கு வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். வெளிப்பக்கம் டயர் நன்றாகத்தான் இருந்தது. வரிகள் எல்லாம் ஆழமாகவே தெரிந்தன. ஆனால் காருக்கு அடியில் மறைந்திருக்கும் உள்ளோரத்தில் ரப்பர் என்பதே இல்லை. துணி தெரிந்தது, துணியையும் கிழித்துக்கொண்டு இரும்புக் கம்பிகள் நரைமுடி போல நீட்டிக்கொண்டிருந்தன.

அங்கிருந்து ஈப்போவுக்கு வரும் வழியை நீங்கள் அறிவீர்கள். மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டினால் ஜெலாப்பாங் வரைக்கும் மலைச்சரிவு, வளைவுமேல் வளைவு, பின்னால் பாரம் ஏற்றிய லாரிகள். அந்த மழையில், அந்த இறக்கத்தில், முன் டயர் வெடித்திருந்தால்? பின்னிருக்கையில் தூங்கியவர்களை நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது.

அந்தத் தம்பியே ஜேக் வைத்து ஸ்பேர் டயரை மாற்றிக் கொடுத்தார். காசு நீட்டியபோது வாங்க மறுத்துவிட்டார். போகும்போது ஒன்று மட்டும் சொன்னார்: “டயர மட்டும் மாத்திட்டு விட்டுடாதீங்க அக்கா. அது ஏன் தேஞ்சிச்சின்னு கேளுங்க.”

அந்தக் கேள்வியைத்தான் இன்று வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கேட்காமல் விட்ட கேள்வி

அந்த டயர் பழைய டயர் அல்ல. ஏழு மாதத்திற்கு முன்புதான் ஒரு கடையில் முன் டயர்கள் இரண்டையும் புதிதாக மாற்றியிருந்தேன். 340 வெள்ளி கொடுத்தேன். அன்று கழற்றிப்போட்ட பழைய டயர்களும் ஒரு பக்கமாகத்தான் தேய்ந்திருந்தன. கடைக்காரரும் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பழையது போனது, புதியது வந்தது, பில்லைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாணவன் ஒரே கணக்கில் மீண்டும் மீண்டும் தவறு செய்தால் ஆசிரியர் என்ன செய்கிறோம்? புதிய நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோமா? எந்த இடத்தில் தவறுகிறான் என்று பார்க்கிறோம் அல்லவா? வகுப்பில் கடைப்பிடிக்கும் இந்தச் சின்ன விதியை என் காருக்கு நான் கடைப்பிடிக்கவில்லை.

வீட்டிலிருந்து பள்ளிக்கு 28 கிலோமீட்டர். கடைசி நான்கு கிலோமீட்டர் தோட்டத்துச் செம்மண் சாலை. ஒரு காலத்தில் இருபுறமும் கித்தா மரங்கள் நின்ற இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. பழக்குலை ஏற்றிய லாரிகள் ஓடி ஓடிச் சாலையில் பள்ளம் விழுந்துவிட்டது. மழை பெய்து தண்ணீர் நின்றால் பள்ளம் எது, சமதளம் எது என்று தெரியாது. எத்தனை நாள் “தொம்” என்று விழுந்து எழுந்திருப்பேன்! ஒவ்வொரு முறையும் “கார் போகிறது, போதும்” என்று போய்விட்டேன்.

பிட்டர் மாமாவின் பாடம்

திருமணத்திற்கு மறுவாரம், கிழிந்த டயரை எடுத்துக்கொண்டு ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். தோட்டத்துப் பட்டறையில் முப்பது ஆண்டுகள் பிட்டர் வேலை பார்த்தவர். தோட்டமே கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்ட பிறகும், எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் அவர் ‘பிட்டர் மாமா’தான். இப்போது ஈப்போ புந்தோங்கில் மகன் வீட்டில் இருக்கிறார்.

டயரைத் தரையில் உருட்டி நிறுத்தி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் பார்த்தார்.

“டீச்சர், நம்ம பழைய கித்தாக் காட்டுல மரமெல்லாம் எப்படி நிக்கும்?”

“நிரையா நிக்கும் மாமா.”

“நிரைய எப்படிப் பிடிப்பாங்க?”

“கயிறு கட்டி, முளைக்குச்சி அடிச்சுப் பிடிப்பாங்க.”

“அதேதான். நாலு சக்கரமும் ஒரு நிரையில நிக்கணும். உங்க காடி நிரை தப்பிடுச்சு.”

அலைன்மெண்ட் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

பிறகு டயரை எப்படி ‘வாசிப்பது’ என்று காட்டினார். அதை அப்படியே எழுதுகிறேன்.

டயரின் இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால், காற்றுக் குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால், காற்று அதிகம். உள்ளோரமோ வெளியோரமோ ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், சக்கரம் நிரை தப்பியிருக்கிறது. அங்கொரு குழி இங்கொரு குழியாகத் தேய்ந்திருந்தால், அப்சோர்பர் தளர்ந்திருக்கலாம்; அல்லது சக்கரத்தின் பேலன்சிங் சரியில்லை.

இன்னொரு சோதனையும் உண்டு. முதலில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று கண்ணால் உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காக, வெளியிலிருந்து உள்ளே, உள்ளேயிருந்து வெளியே தடவிப் பார்க்க வேண்டும். பூனையின் முதுகை வால்பக்கமாகத் தடவினால் வழுவழுப்பாகவும், தலைப்பக்கமாகத் தடவினால் சிலிர்ப்பாகவும் இருக்கும் அல்லவா? அதுபோல ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பப் பல் போலக் கையில் தட்டினால், அந்தச் சக்கரம் நேராக உருளவில்லை, பக்கவாட்டில் இழுபடுகிறது என்று பொருள். கண்ணுக்குத் தேய்மானம் தெரிவதற்கு முன்பே கைக்கு இது தெரிந்துவிடும்.

மூன்று கோணங்கள்

சக்கரம் நிற்கும் நிலையை மூன்று கோணங்களால் சொல்கிறார்கள். பெயர்கள் பட்டறையில் எல்லாரும் சொல்லும் பெயர்களே: டோ, கேம்பர், காஸ்டர்.

முதலாவது டோ. கால்விரல் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். நின்றுகொண்டு உங்கள் பாதங்களைக் குனிந்து பாருங்கள். பெருவிரல்கள் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பியிருந்தால் டோ-இன். வாத்து நடப்பதுபோல வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் டோ-அவுட். காரை மேலேயிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டால் முன் சக்கரங்கள் இரண்டும் அப்படித்தான். டோ-இன் அதிகமானால் வெளியோரம் தேயும்; டோ-அவுட் அதிகமானால் உள்ளோரம் தேயும். டயரை மிக விரைவாகத் தின்பது இந்தக் கோணம்தான்.

இரண்டாவது கேம்பர். காருக்கு முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் நிமிர்ந்து நிற்கிறதா, மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது. காற்றில் சாய்ந்த மரம்போலச் சக்கரம் சாய்ந்தால், பாரம் முழுவதும் ஒரு ஓரத்தில் விழும். அந்த ஓரம் தேயும்.

மூன்றாவது காஸ்டர். இதற்குச் சைக்கிளைப் பாருங்கள். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டை நேர்செங்குத்தாக இல்லாமல் ஓட்டுபவரை நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு இருப்பதால்தான் ஓடும் சைக்கிள் எளிதில் தடுமாறாமல் நேரே போகிறது. காரிலும் வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்புவதற்கு இந்தக் கோணம் முக்கியக் காரணம். இது பிசகினால் டயர் அவ்வளவாகத் தேயாது. ஆனால் கார் ஒரு பக்கமாக இழுக்கும், ஸ்டியரிங் அலையும்.

சக்கரங்கள் எப்போதும் இணைகோடுகளாக இருக்க வேண்டும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வளைவில் உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போகிறது. ஆகவே உள்சக்கரம் சற்று அதிகமாகத் திரும்பியே ஆக வேண்டும். மோட்டார் கார் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, குதிரை வண்டிக்காக இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் மூனிக் நகர வண்டி செய்பவரான லாங்கன்ஸ்பெர்கர். ஆண்டு 1817. மறு ஆண்டு இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மன். கண்டுபிடித்தவரை உலகம் மறந்துவிட்டது. இன்றும் அந்த அமைப்புக்கு ஆக்கர்மன் பெயர்தான்!

ஆறு மில்லிமீட்டர் செய்யும் வேலை

என் காரை அலைன்மெண்ட் பட்டறைக்குக் கொண்டுபோனபோது கணினி ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தது. முன் சக்கரங்கள் இரண்டுக்கும் சேர்த்து டோ-அவுட் 36 நிமிடம் என்று இருந்தது. ஒரு பாகைக்கு 60 நிமிடம் என்பது பள்ளிக் கணக்கு. அதாவது ஒரு பாகைகூட முழுதாக இல்லை. சக்கரத்தின் குறுக்களவை 58 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு சக்கரங்களின் முன்பக்க இடைவெளி பின்பக்க இடைவெளியைவிட 6 மில்லிமீட்டர் அதிகம். ஒரு பென்சிலின் கனத்துக்கும் குறைவு.

இவ்வளவு சின்னப் பிழையா ஒரு டயரைக் கொல்லும்? நானும் முதலில் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

6 மில்லிமீட்டரை இரண்டு சக்கரங்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 3. சக்கரம் 580 மில்லிமீட்டர் முன்னே போகும்போது 3 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் ஓடப் பார்க்கிறது. மறுபக்கச் சக்கரமும் அப்படியே எதிர்த்திசையில் இழுக்கிறது. கார் நேராகத்தான் போகிறது. ஆகவே அந்த 3 மில்லிமீட்டரும் சாலையில் தேய்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு இது 5 மீட்டருக்குச் சற்று அதிகம். ஏழு மாதத்தில் நான் ஓட்டியது ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 50 கிலோமீட்டருக்கு மேல்!

ரப்பர் வளைந்து கொடுக்கும் பொருள் என்பதால், இழுவையில் ஒரு பகுதியை அது தாங்கிக்கொள்ளும். ஆனாலும் கணக்கின் பொருள் மாறாது. ஈப்போவிலிருந்து கோலகங்சார் வரைக்கும் உள்ள தூரத்துக்கு, என் டயரைப் பக்கவாட்டில் தரையோடு தேய்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அது கிழிந்ததில் வியப்பில்லை. ஏழு மாதம் தாங்கியதுதான் வியப்பு.

கோலகங்சார் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்டன. அவற்றில் சில கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து, அங்கிருந்து ஒன்பது கன்றுகள் கோலகங்சாருக்கு வந்தன. பேராவின் ரெசிடெண்டாக இருந்த சர் ஹியூ லோ அவற்றைத் தம் மாளிகைத் தோட்டத்தில் நட்டார். அந்தத் தொடக்ககால மரங்களுள் ஒன்றை இன்றும் அவ்வூரில் வேலி கட்டிப் பாதுகாக்கிறார்கள். 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். பிறகு மோட்டார் கார் பெருகியது. டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. பேராவின் காடுகள் தோட்டங்களாயின. நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள்.

ஆக, டயருக்கும் நமக்கும் உள்ள உறவு கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் உள்ள உறவு மட்டுமல்ல. செயற்கை ரப்பர் வந்த பிறகும் கார் டயரில் மரத்துப் பால் இன்னும் கலந்தே இருக்கிறது. விடிவதற்கு முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனவர்களின் பிள்ளைகள் நாம். வாளியில் பால் சிந்தினால் ஏச்சு வாங்கிய காலத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த ரப்பரை நாம் கவனக்குறைவால் சாலையில் தேய்த்துவிடுவது சரிதானா?

பட்டறையில் என்ன நடக்க வேண்டும்

பிட்டர் மாமா காலத்தில் கணினி இல்லை. சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு, டயரின் நடுவில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு கிழிப்பார்களாம். பிறகு காரை இறக்கி, இரண்டு கோடுகளுக்கும் இடையே ஒரு கோலை வைத்துச் சக்கரங்களின் பின்பக்கம் ஒரு முறை, முன்பக்கம் ஒரு முறை அளப்பார்கள். வித்தியாசம்தான் டோ. கொத்தனார் நூல் பிடிப்பதுபோல, காரின் இரு பக்கமும் நூல் கட்டிப் பார்ப்பதும் உண்டு. “பொறுமை இருந்தா நூலு பொய் சொல்லாது டீச்சர்” என்றார்.

இன்று நான்கு சக்கரங்களிலும் பலகைகளையோ கருவிகளையோ மாட்டி, கணினித் திரையில் கோணங்களைப் பார்க்கிறார்கள். அளவு பிசகியிருந்தால் சிவப்பு, சரியாக இருந்தால் பச்சை. பார்ப்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் திரையைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு.

முதலில், நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்க்க வேண்டும். ஒரு பக்கம் காற்றுக் குறைந்திருந்தாலே கார் சாய்ந்து, அளவு பொய்யாகிவிடும்.

இரண்டாவதாக, காரை உயர்த்திச் சக்கரத்தைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். டைராட் முனை, பால் ஜாயிண்ட், லோவர் ஆர்ம் புஷ் ஆகியவற்றில் ஆட்டம் இருந்தால் முதலில் அவற்றை மாற்ற வேண்டும். ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து நேர்க்கோடு போட முடியுமா? தளர்ந்த பாகங்களை வைத்துக்கொண்டு செய்யும் அலைன்மெண்ட், பட்டறை வாசலைத் தாண்டும்வரைக்கும்தான் நிற்கும். என் காரில் இடப்பக்கத்து டைராட் முனை தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. பள்ளத்தில் விழுந்த “தொம்” எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருந்தன!

மூன்றாவதாக, ஸ்டியரிங்கை நேராக நிறுத்திப் பூட்ட வேண்டும். அதன் பிறகு டைராட்டின் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் திருகி டோவைச் சரிசெய்து, மீண்டும் நட்டை இறுக்க வேண்டும். இரண்டு பக்கமும் பார்க்காமல் ஒரு பக்கம் மட்டும் திருகினால், டோ சரியாகிவிடும். ஆனால் நேர்ச்சாலையில் ஸ்டியரிங் கோணலாக நிற்கும்.

கடைசியாக, காரைச் சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நேரே போகிறதா, ஸ்டியரிங் நேராக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

பின் சக்கரங்களையும் அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் பின் சக்கரங்களைத் திருகிச் சரிசெய்ய வழி இருக்காது. ஆனாலும் அளந்தால்தான் உண்மை தெரியும். பின் சக்கரங்கள் ஒரு பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தால், கார் நண்டு போலக் கோணலாக நடக்கும். முன் சக்கரங்களை எத்தனை முறை திருகினாலும் அது தீராது.

அதுபோலவே, சிறிய கார்கள் பலவற்றில் முன்பக்கம் எளிதில் திருகக்கூடியது டோ மட்டும்தான். கேம்பர் பிசகியிருந்தால் வளைந்த பாகத்தை மாற்ற வேண்டியிருக்கும்; அல்லது அதற்கென்று உள்ள போல்ட்டைப் போட வேண்டியிருக்கும். ஆகவே “மூன்றையும் சரிசெய்துவிட்டேன்” என்று யாரேனும் சொன்னால், தாளைக் கேட்டு வாங்குங்கள். செய்வதற்கு முன் இருந்த அளவு, செய்த பின் இருக்கும் அளவு இரண்டும் அதில் இருக்கும். அது உங்கள் உரிமை. பெண் என்பதால் கேட்கத் தயங்க வேண்டாம், சகோதரிகளே. எனக்கும் முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. கேட்ட பிறகு அந்தப் பட்டறைத் தம்பி ஒவ்வொரு எண்ணையும் பொறுமையாக விளக்கினார்.

எனக்கு ஆன செலவு அலைன்மெண்டுக்கு 40 வெள்ளி. டைராட் முனைக்குத் தனி. ஏழு மாதத்திற்கு முன் இதைச் செய்திருந்தால் 340 வெள்ளி டயர்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

அலைன்மெண்ட் தீர்க்காத நோய்கள்

எல்லாத் தலைவலிக்கும் ஒரே மாத்திரை இல்லை. வேகம் கூடும்போது ஸ்டியரிங் கையில் நடுங்கினால், அது பெரும்பாலும் பேலன்சிங் கோளாறு. சக்கரத்தின் ஒரு பக்கம் கனமாக இருப்பதால் வரும் நடுக்கம். சிறு எடைகளை ஒட்டிச் சரிசெய்வார்கள். அது வேறு வேலை, அலைன்மெண்ட் வேறு வேலை.

கார் ஒரு பக்கம் இழுப்பதற்கும் காரணம் பல. ஒரு டயரில் காற்றுக் குறைவாக இருக்கலாம். பிரேக் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கலாம். டயரே கோளாறாக இருக்கலாம். இன்னொன்றும் கவனியுங்கள்: மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சாலைகளை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்தியே போடுகிறார்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே கார் மிக லேசாக இடப்பக்கம் ஒதுங்குவது சாலையின் சாய்வாகவும் இருக்கலாம். சமமான, ஆளில்லாத இடத்தில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

யார் நமக்குச் சொல்வார்கள்?

லாரி, பேருந்து போன்ற வர்த்தக வாகனங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டுபோவது நம் நாட்டில் கட்டாயம். பரிசோதனை நிலையத்தில் தரையில் ஒரு தகடு இருக்கும். சக்கரம் அதன்மேல் ஏறிப்போகும்போது தகடு பக்கவாட்டில் எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பார்கள். சக்கரம் நிரை தப்பியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். ஆனால் சொந்தக் காருக்கு அப்படி ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை இல்லை. நம் காருக்கு நாமேதான் பரிசோதகர்.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, பலர் சிம்மோருக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவுக்கும் குடிபெயர்ந்துவிட்டோம். பிள்ளைகளின் வேலை ஓரிடம், வீடு ஓரிடம். கைமாறி வந்த பழைய காரில் குடும்பமே ஏறி நெடுஞ்சாலையில் போகிறது. தீபாவளி என்றால் பினாங்கு, தைப்பூசம் என்றால் கல்லுமலை, திருமணம் என்றால் எங்கெங்கோ. காரைக் கழுவுகிறோம், எலுமிச்சம்பழம் கட்டுகிறோம், சாமி படம் வைக்கிறோம். அதெல்லாம் இருக்கட்டும். கூடவே டயரின் உள்ளோரத்தையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுக் கிளம்பினால் சாமிக்கும் வேலை குறையும்!

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து நிமிடம் போதும். சமதரையில் காரை நிறுத்துங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடியுங்கள். எஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கைப் போடுங்கள். அந்தப் பக்கத்து முன் டயரின் முகம் முழுவதும் உங்களுக்குத் தெரியும். உள்ளோரம், நடுப்பகுதி, வெளியோரம் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு மறுபக்கம் ஒடித்து அடுத்த டயரைப் பாருங்கள். மலாய் மொழியில் டயரின் வரிகளைப் பூ என்பார்கள். அந்தப் பூ எங்கும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். வரிப்பள்ளங்களுக்கு இடையே சிறு மேடுகள் உண்டு. தேய்ந்து தேய்ந்து பூ அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மீதம் இருப்பது 1.6 மில்லிமீட்டர்தான். அதற்குமேல் அந்த டயரில் ஓடக் கூடாது. மழைத்தண்ணீரை ஒதுக்கித் தள்ள அதனால் முடியாது.

ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அலைன்மெண்டைப் பாருங்கள். பெரிய பள்ளத்தில் விழுந்தாலோ, சாலையோரக் கல்லில் சக்கரம் மோதினாலோ, அப்சோர்பர், டைராட் போன்ற பாகங்களை மாற்றினாலோ உடனே பாருங்கள். நேர்ச்சாலையில் ஸ்டியரிங் கோணலாக நின்றால் தள்ளிப்போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, டயர் மாற்றும்போது கழற்றிய பழைய டயரை ஒருமுறை உருட்டிப் பாருங்கள். அது எப்படித் தேய்ந்திருக்கிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் அந்தக் கிழிந்த டயர் இன்னும் கிடக்கிறது. தூக்கிப்போடலாம் என்று கணவர் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். நான்தான் விடவில்லை. ஓட்டுநர் உரிமம் எடுத்துவிட்டுப் பழைய கார் வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு வரும் என் முன்னாள் மாணவர்களுக்கு அதை உருட்டிக் காட்டுகிறேன். வெளிப்பக்கத்தைப் பார்த்து, “டயர் நல்லாத்தானே இருக்கு டீச்சர்?” என்கிறார்கள்.

“திருப்பிப் பாருப்பா” என்பேன்.

சுங்கை பேராக் ஓய்வுப்பகுதியில் அன்று மழையில் நனைந்துகொண்டே டயரை மாற்றிக் கொடுத்த அந்தத் தம்பியின் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவர் எந்தச் சாலையில் ஓடினாலும் நலமாக வீடு போய்ச் சேரட்டும்.